தம்பி நினைவாக ஒரு மணி

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், என் பெரிய மகன் வீட்டில் பக்தி பொங்கி வழியும். பதினொரு மாதமாக அலமாரியின் மேல் கிடந்த வேதப்புத்தகம் தூசி தட்டப்பட்டு முன்னறை மேசைக்கு வரும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். மருமகள் சீனத் தையற்காரரை வீட்டுக்கே வரவழைத்து, பிள்ளைகளுக்குக் கழுத்துவரை பொத்தான் வைத்த உடுப்புக்கு அளவு கொடுப்பாள். மழைக்காலப் புழுக்கத்தில் அதை மாட்டிக்கொண்டு, பிள்ளைகள் கழுத்தைச் சொறிந்தபடியே கீதம் பாடிப் பழகும். மலாயாவில் யோங் பெங்குக்குப் பக்கத்தில், எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர்ப் பால்மரம் தவிர வேறொன்றும் கண்ணில் படாத ஒரு தோட்டத்தில் இத்தனையும் நடந்தது.

மகன் அங்கே பெரிய கிராணி, ஆபீஸ் கணக்கெழுதுகிறவர்களுக்குத் தலைவன். வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தபடி தோட்டத்தில் தான்தான் என்பது அவன் எண்ணம். துரைக்கு அடுத்தபடி துரையின் நாய் இருந்தது, அதற்கும் பிறகுதான் இவன் என்பது எனக்குத் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்து மிஷன் போர்டிங்கில் படித்து, கல்யாணமாகிக் கப்பலேறி வந்து, புருஷனையும் இந்த மண்ணிலேயே புதைத்துவிட்டு அவனோடு ஒட்டிக்கொண்டிருந்தவள் நான். சோறு போட்டான், கட்டில் கொடுத்தான். அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லவும் செய்தான்.

மருமகளின் கிறிஸ்மஸ் மரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ரப்பர் மரத்துக் கிளை ஒன்றை வெட்டி மண்தொட்டியில் நட்டு, ஆஸ்பத்திரிப் பஞ்சைப் பிய்த்து மேலே தூவி, இதுதான் பனி என்பாள். பனியை அவளும் பார்த்ததில்லை, அவள் பாட்டனும் பார்த்ததில்லை. கிளையை வெட்டிய இடத்திலிருந்து பால் வடிந்து, லேஸ் வைத்த மேசைவிரிப்பில் ஒட்டிக் காய்ந்துபோகும். அதைச் சுரண்டி எடுப்பதிலேயே பண்டிகைக்கு முந்தின வாரம் கழியும். வருஷா வருஷம் அதே கூத்து, அதே விரிப்பு.

எண்ணெய்ச் சட்டியை இறக்கியதும் பலகாரத்தைத் தரம் பிரிப்பாள். முழு அச்சுமுறுக்கும் உருண்டை கலையாத முந்திரிக்கொத்தும் துரை பங்களாவுக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வீட்டுக்கும் போகும். உடைந்தது, கருகியது, எண்ணெய் குடித்தது எல்லாம் கூலி ஜனங்கள் இருந்த லயத்துக்கு. கிறிஸ்துவின் அன்பைப் பகிர்ந்துகொள்வது என்று அதற்குப் பெயர். அந்த உடைசலில் ஒரு பொட்டலம் லயத்தின் கடைசி வீட்டுக்கும் போகும். அந்த வீட்டில் இருந்தவளும் என் மருமகள்தான். அதை வாய்விட்டுச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் அனுமதி கிடையாது.

எனக்கு இரண்டு மகன்கள். சின்னவனும் அதே தோட்டத்தில் சின்னக் கிராணியாகச் சேர்ந்தவன்தான். பால் வெட்டுகிற பெண் ஒருத்தியை விரும்பினான். சபை ஐயர் முடித்துவைக்க மாட்டேன் என்று கைவிரித்ததும், தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அவளுக்குத் தாலி கட்டினான். பெரியவனுக்கு மானம் கப்பலேறிவிட்டதாம். அப்போதிருந்த துரையிடம் சொல்லித் தம்பியின் கிராணி வேலையைப் பிடுங்கினான். சின்னவன் கெஞ்சவில்லை. லயத்துக்குப் போய்ப் பெண்டாட்டியோடு பால்வெட்டுக் கத்தி பிடித்தான். பேனா பிடித்த கை, கத்தியும் மழையும் இரண்டு வருஷம் தாங்கியது. பிறகு காய்ச்சல் அடித்துப் போய்விட்டான். அவன் மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள்.

அடக்கத்துக்குப் பெரியவன் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தான். ஜெபவீட்டின் பின்னால் குழிக்கு இடம் கொடுத்தான். தாலியறுத்தவளை மட்டும் வேலிக்கு இந்தப் பக்கம் வரவிடவில்லை, அவள் ஞானஸ்நானம் பெறாதவள் என்று. நான் அவனைப் பிடித்துப் பொரிந்து தள்ளினேன். 'லயத்துச் சகவாசம் வேணும்னா, பெட்டியையும் எடுத்துக்கிட்டு அங்கேயே போயிடுங்கம்மா' என்றான். நான் பெட்டியை எடுக்கவில்லை, அவன் வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

பேத்தியைப் பார்க்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். வெட்டுக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற ஆயாக்கொட்டகை, ஜெபவீட்டுக்குப் போகிற பாதையில் இருந்தது. பூ வைக்கப் போகிறேன், பெஞ்சு துடைக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் நடப்பேன். என் பக்தி முற்றிவிட்டது என்று மருமகள் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னாள். கொட்டகையில் நாலு வயசுப் பேத்தி மற்றப் பிள்ளைகளோடு மண்ணில் உட்கார்ந்திருப்பாள். என் சின்னவனுடைய நெற்றி, அவனுடைய பிடிவாதம். தூக்கப் போனால் கையை உதறிவிடுவாள். அவள் அம்மா எதிரே வந்தால், 'நல்லாயிருக்கீங்களா கிராணியம்மா' என்று ஊரார் கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் போய்விடுவாள்.

அந்த வருஷம் ஜெபவீட்டுக்கு நினைவுப் பொருள் கொடுக்கிற பைத்தியம் எல்லாருக்கும் பிடித்திருந்தது. டிரஸ்ஸர் தன் அப்பா நினைவாகப் பிரசங்க மேடை செய்து கொடுத்தார். பக்கத்துத் தோட்டத்துக் கிராணி, உயிரோடிருந்தபோது முகம் கொடுத்துப் பேசாத மாமியார் நினைவாகத் தொங்குவிளக்கு கொடுத்தார். என் மகனுக்குத் தூக்கம் போயிற்று. அவன் அப்பா பெயரில் ஏற்கெனவே இரண்டு பெஞ்சு கொடுத்தாயிற்று. நானோ சாகிற மாதிரித் தெரியவில்லை. செத்தவர்களில் மிச்சமிருந்தது தம்பி ஒருவன்தான்.

'தம்பி நினைவா ஒரு மணி வாங்கி வைக்கலாம்னு இருக்கேம்மா' என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. கண்ணில் ஒன்றுமில்லை, நான் பார்த்தேன்.

ரப்பர் விலை அடிமட்டத்துக்கு விழுந்திருந்த காலம் அது. தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்களைக் குறைத்து, இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் யார் இருக்கலாம், யார் போகலாம் என்று துரைக்குச் சொல்வது பெரிய கிராணி. கிறிஸ்மஸ் கழிந்து அனுப்புகிறவர்களில் ஆண்துணை இல்லாத பெண்கள் முதலில் என்று முடிவானது. தம்பி பெண்டாட்டியையும் பிள்ளையையும் அதில் சேர்த்தவன் இவன்தான். டிரஸ்ஸர் மனைவி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அன்று அவன் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன்.

'அவ பொறந்ததே இங்க பத்து பகாட் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துல. அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் செத்தாச்சு. இந்தியாவுல எறங்கி எந்தப் பக்கம் நடப்பா? துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லு.'

'துரை கணக்கும்மா. நான் என்ன செய்ய முடியும்?'

'துரைக்கு லயத்துல யார் இருக்கான்னே தெரியாது. நீ சொல்றதுதான் கணக்கு.'

'சொந்தக்காரங்களுக்குச் சலுகை காட்டுனா நாலு பேர் என்ன பேசுவாங்க?'

'சொந்தம்னு இப்பவாவது ஒத்துக்கிட்டியே.'

அவன் கையைக் கழுவிவிட்டு எழுந்தான். 'எதுவா இருந்தாலும் கிறிஸ்மஸ் முடியட்டும்மா. பண்டிகை நேரத்துல மனசைக் கெடுக்காதீங்க' என்றான். அன்றைக்குக் குடும்ப ஜெபத்தில் ஏழைகளுக்காகவும் விதவைகளுக்காகவும் திக்கற்ற பிள்ளைகளுக்காகவும் வெகுநேரம் வேண்டிக்கொண்டான். என் முழங்கால் வலித்ததுதான் மிச்சம். நான் என் பங்குக்கு ஒரே ஒரு வரியில் ஜெபித்தேன். அந்தப் பிள்ளை கப்பலேறக் கூடாது ஆண்டவரே, எப்படிச் செய்வீரோ செய்யும் என்றேன். அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படாது.

சிங்கப்பூரில் வார்த்த மணி பண்டிகைக்கு முன்பே லாரியில் வந்து இறங்கியது. நல்ல வெண்கலம். 'என் அன்புத் தம்பியின் நினைவாக' என்று அதன் மேல் ஆங்கிலத்தில் வெட்டியிருந்தது. தமிழில் வெட்டினால் துரைக்கு எப்படிப் புரியும்? ஜெபவீட்டு வாசலில் மணிக்கூண்டு எழுப்பும் வேலை மழையால் முடியவில்லை. மணியைக் கொட்டகையில் போட்டுவைக்க என் மகனுக்கு மனசில்லை. நாலு பேர் பார்க்க வேண்டுமே. ஆபீசுக்கு முன்னால், விடியுமுன் ஆட்கள் வரிசையில் நின்று பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில், மரக்கட்டை நட்டு அதைத் தொங்கவிட்டான். அதுவரை அங்கே ஒரு தண்டவாளத் துண்டைத்தான் தட்டுவார்கள். மணியின் ஓசை கடைசி லயம் வரை நன்றாகக் கேட்கிறது என்று துரை சொன்னதும், இவனுக்குத் தலைகால் புரியவில்லை. கூண்டு முடிகிற வரை பெரட்டுக்கும் அந்த மணியையே அடிக்கச் சொன்னான்.

அப்படியே ஜனங்களின் காதுக்கு அது பழகிப்போயிற்று. மணி கேட்டால் எழுவார்கள், வாளியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். பிந்தி வந்தவனுக்கு அந்த நாளில் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிகூடக் கிடையாது. அதைவிடப் பயம் ஒன்று இருந்தது. பிந்தியவனைத்தான் அடுத்த கப்பலுக்குத் தள்ளுவார்கள் என்று பேச்சு.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மணியைக் கழற்றி ஜெபவீட்டுக் கூண்டில் ஏற்றினார்கள். தோட்டத்துக்கு மறுநாள் லீவு என்று எல்லாருக்கும் தெரியும். மணி இடம் மாறியதை லயத்துக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ஜெபவீட்டு விஷயம் லயத்துக்கு எதற்கு?

எங்கள் ஊர் வழக்கப்படி கிறிஸ்மஸ் ஆராதனை விடியுமுன் இருட்டிலேயே தொடங்கும். கிராணிமாரும் வாத்தியார்மாரும் நாலைந்து தோட்டங்களிலிருந்து லாரி பிடித்து வந்திருந்தார்கள். புதுத் துணியின் கஞ்சி வாசனையும் பவுடர் வாசனையும் மூச்சை அடைத்தன. ஜெபவீட்டைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். என் மகன் தலையசைத்ததும் கயிற்றைப் பிடித்து, உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து அடித்தார்.

முதல் கீதம் பாதியில் இருக்கும்போது வெளியே காலடிச் சத்தம் கேட்டது. ஒருவர் இருவர் அல்ல. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லீவை நிறுத்திவிட்டார்கள் என்று பயந்து, லயத்து ஜனம் முழுவதும் சேற்றில் ஓடி வந்துகொண்டிருந்தது. பெரட்டுக் களத்தில் ஆளில்லை என்று பார்த்து, ஓசை வந்த திசைக்கு வந்திருக்கிறார்கள். கங்காணிமார் பழக்கதோஷத்தில் அவர்களை ஜெபவீட்டு வாசலிலேயே வரிசை பிடித்து நிறுத்தினார்கள். கையில் வாளி, இடுப்பில் கத்தி, தலையில் சாக்கு. அந்த ஜெபவீட்டுக்கு அவ்வளவு கூட்டம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

உள்ளே கீதம் நின்றுவிட்டது. என் மகன் வாசலுக்கு ஓடினான். நானும் பின்னாலேயே போனேன்.

'போங்க, எல்லாரும் போங்க. இது கோயில் மணி. உங்களுக்கில்ல' என்றான்.

கிறிஸ்து பிறந்த காலையில், கோயில் வாசலில் நின்று, மணி உங்களுக்கில்லை என்று சொல்ல ஒரு தனி மூளை வேண்டும். நான் அந்த மூளையைப் பெற்றவள். எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஜனங்களுக்கு அவன் சொன்னது விளங்குவதற்குள் பங்களாவிலிருந்து துரை வந்துவிட்டார். தூங்குகிற உடுப்பு, பூட்ஸ், கையில் டார்ச், பின்னால் நாய். லீவு நாளில் ஆட்களெல்லாம் கத்தியோடு கூடி நிற்கிறார்கள் என்று கேட்டுக் கலகம் என்று நினைத்திருப்பார். வந்து ஒரு வருஷம்தான் ஆன புதுத் துரை.

'யார் மணி அடிச்சது?' என்று தோட்டத்துத் தமிழில் கேட்டார். உபதேசியார் நடுங்கிக்கொண்டே என் மகனைக் காட்டினார். மகன் ஆங்கிலத்துக்குத் தாவினான். நான் போர்டிங்கில் படித்தவள் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது. பண்டிகை, ஆராதனை, தவறு, மன்னிப்பு என்று ஏதேதோ உளறினான். துரை டார்ச்சை மணியின் மேல் அடித்து எழுத்தைப் படித்தார்.

'உனக்குத் தம்பி இருந்தானா?'

'இருந்தான் சார். இந்தத் தோட்டத்திலேயே இறந்துபோனான்.'

'குடும்பம் உண்டா?'

'இல்லை சார்' என்றான்.

ஆண்டவரைத் தெரியாது என்று சீடன் மறுதலித்தபோது கூவியதுபோல, லயத்துப் பக்கம் அப்போது சேவல் ஒன்று கூவியது என்று எழுதினால், வேதத்தைப் படித்துவிட்டுக் கதை கட்டுகிறாள் என்பீர்கள். கூவத்தான் செய்தது. அந்த நேரத்தில் லயத்துச் சேவல்கள் கூவாமல் வேறென்ன செய்யும்?

பெண்கள் வரிசையின் கடைசியில் சின்னவன் பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள். ஆயாக்கொட்டகை பூட்டியிருந்ததால் பிள்ளையையும் இடுப்பில் வைத்திருந்தாள். பேத்தி பாதித் தூக்கத்தில் அம்மா தோளைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் புதுச் சேலையோடு சேற்றில் இறங்கினேன். மருமகள் பின்னாலிருந்து 'அத்தை, அத்தை' என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டது காதில் விழுந்தது. நேராகப் போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, கொடுத்துவிட்டாள். பிள்ளைக்கும் உதறுகிற அளவுக்கு விழிப்பு வரவில்லை. என் சின்னவன் பிள்ளையை முதல் முதலாகத் தூக்கியது அப்போதுதான்.

துரைக்கு முன்னால் போய் நின்றேன்.

'துரை, அந்த மணியில எழுதியிருக்கிறவனைப் பெத்தவ நான். இது அவன் மக. அதோ நிக்கிறது அவன் பெண்டாட்டி. கிறிஸ்மஸ் முடிஞ்சதும் ரெண்டு பேரையும் கப்பலேத்தப் போறாங்க. ஏத்தறது உங்க பெரிய கிராணி.'

துரை டார்ச்சை என் மகன் முகத்துக்குத் திருப்பினார். முகத்தில் ஈயாடவில்லை. 'சட்டப்படி நடந்த கல்யாணம் இல்லை, சார்' என்றான், தம்பியின் மணிக்கு அடியில் நின்றுகொண்டு.

துரை சிரித்தார். அவரை நீதிமான் என்று நினைத்துவிட வேண்டாம். அன்று இரக்கம் காட்டிய அதே மனிதர்தான் மற்றக் குடும்பங்களை அந்த வாரமே லாரியில் ஏற்றினார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூக்கம் கெட்ட எரிச்சலில், கிராணியை நாலு பேருக்கு முன்னால் மட்டந்தட்ட ஒரு வாய்ப்புக் கிடைத்தது, அவ்வளவுதான். ஆண்டவர் அப்படிப்பட்ட ஆளையும் உபயோகித்துக்கொள்கிறார். அது அவருடைய வழக்கம்.

'இந்தப் பொம்பளை இருக்கட்டும்' என்றார். 'இந்த மணியையும் கழற்றிப் பெரட்டுக் களத்துலயே கட்டு. என் தோட்டத்துல ஒரு மணி போதும்.' நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. பிள்ளையோடு அவளிடம் திரும்பி வந்தேன். 'உள்ள வாம்மா. எங்க பெஞ்சுல என் பக்கத்துல உக்காரு. யார் தடுக்கிறான்னு பாத்துடறேன்' என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். 'பெரட்டுன்னு நெனச்சுத்தான் ஓடியாந்தேன் கிராணியம்மா. கோயிலுக்குன்னா வந்திருக்க மாட்டேன்' என்றாள். பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். 'வருஷத்துல கெடைக்கிற லீவு. போயித் தூங்கணும்லா.'

போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்தப்பட்டவள் வேலிக்குள் எதற்கு வர வேண்டும் என்று பிறகு தோன்றியது. அன்று அங்கே கூடியிருந்த அத்தனை பேரிலும் மரியாதைக்குரியவளாக எனக்கு அவள் ஒருத்திதான் தெரிந்தாள். உள்ளே ஆராதனை தொடர்ந்தது. என் மகன்தான் பாடம் வாசித்தான். பிள்ளைத்தாய்ச்சிக்குச் சத்திரத்தில் இடம் கிடைக்காமல் போன பகுதி. கணீரென்று, குரலில் ஒரு பிசிறு இல்லாமல் வாசித்தான். புதுச் சேலையின் சேறு காய்ந்து உதிர, நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மணி மறுபடியும் பெரட்டுக் களத்துக்குப் போயிற்று. ஜெபவீட்டுக் கூண்டு வெறுமையாக நின்றது, பிறகு அதில் புறா கூடு கட்டியது. பண்டிகை கழிந்து முதல் வேலை நாள், மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் பின்கதவை யாரோ தட்டினார்கள். திறந்தேன். அவள் வாளியோடு நின்றாள், பக்கத்தில் பிள்ளை. 'ஆயாக்கொட்டகையில புள்ளைங்களுக்குச் சொறி. வெட்டு முடியற வரைக்கும் வெச்சிருங்க அத்தே' என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். நான் கதவை அகலத் திறந்தேன்.

சொறி ஆறி வெகுநாளான பிறகும் பிள்ளை வந்துகொண்டுதான் இருந்தாள். துரை சொல்லி இருக்கிறவளின் பிள்ளை என்பதால் என் மகனும் மருமகளும் வாயைத் திறக்கவில்லை. லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் கூப்பிடுகிற மாதிரியே அவளும் என் மகனை 'கிராணி ஐயா' என்பாள். 'கிராணி ஐயா வாராரு' என்று சொல்லி அவன் வருகிறபோது ஓரமாக ஒதுங்கி நிற்பாள். நான் திருத்தவில்லை.

அடுத்த டிசம்பரில், ரப்பர் கிளைக்குப் பஞ்சு தூவிக்கொண்டிருந்த ஒரு நாள், அவனுக்கே அது உறுத்தியிருக்க வேண்டும். வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிற காலம் வேறு. 'பெரியப்பான்னு கூப்பிடச் சொல்லிக் குடுங்கம்மா' என்றான்.

'நீ சொல்லிக் குடு' என்றேன்.

குனிந்தான். முழு அச்சுமுறுக்கு ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினான். 'நான் யாரு தெரியுமா உனக்கு?' என்று கேட்டான்.

பிள்ளை முறுக்கை வாங்கிக்கொண்டாள். அவன் முகத்தை நன்றாக உற்றுப் பார்த்தாள்.

'தெரியும். எங்கப்பா மணிய அடிச்சு எங்கம்மாவ வேலைக்குக் கூப்புடுற ஆளு' என்றாள்.